கறுப்புக் கொம்புப் பிடி

எட்டாவது கத்தியையும் வேண்டாமென்று கோதண்டபாணி தலையாட்டினார். ஞானம்மாள் அதைத் தகரப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, மீன் போல வளைந்த பித்தளைப் பிடி வைத்த ஒன்பதாவதை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதற்கும் தலையாட்டல்தான்.

"எந்தக் கத்திதாங்க வேணும்? இருக்கறதே ஒம்போது. ஒம்போதையும் காட்டிட்டேன்."

அவர் வாய் கோணிக்கொண்டு எதையோ சொன்னது. பக்கவாதம் வந்த இந்த இரண்டு வருஷத்தில் அவர் பேச்சில் பாதி அவளுக்குப் புரியும், மீதியை ஊகித்துக்கொள்வாள். இன்று ஊகமும் ஓடவில்லை. 'என் கத்தி' என்பது மட்டும் தெளிவாக விழுந்தது. இடது கையால் பாயைத் தட்டித் தட்டிக் கேட்டார், பிள்ளை பண்டத்துக்கு அடம்பிடிப்பதுபோல.

"எல்லாம் உங்க கத்திதான். இருங்க, கஞ்சி எடுத்துகினு வரேன். குடிச்சிட்டு மறுபடியும் தேடலாம்."

கஞ்சியோடு வந்தபோது அவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டாள், உலுக்கினாள். மணி எட்டரை இருக்கும்.

பத்து மணிக்கெல்லாம் வீடு நிறைந்துவிட்டது. மகள் சுலோச்சனா, "நைனா, நைனா" என்று முட்டிக்கொண்டாள். கோதண்டபாணியின் அக்கா கன்னியம்மாள் வாசலிலேயே சேலையைச் செருகிக்கொண்டு அதிகாரத்தைக் கையில் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம், அதற்கு முன்னால் எடுத்தாக வேண்டும் என்றாள். ஞானம்மாளுக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லை. அழ வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் என்ன கத்தி, எந்தக் கத்தி என்றே உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தோரு வருஷம் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தவளுக்குக் கடைசியாகக் கேட்ட ஒன்றை எடுத்துக் கொடுக்கத் துப்பில்லாமல் போயிற்றே.

கோதண்டபாணி தாலுகா ஆபீஸில் டபேதாராக இருந்தவர். பென்சில் சீவ, தபால் கட்டின் சணலை அறுக்க என்று ஒரு பேனாக்கத்தி வைத்திருந்தார். அதில் பிடித்தது கிறுக்கு. ஊரில் ஆண்பிள்ளைகள் சீட்டாடுவார்கள், குடிப்பார்கள். இவர் மடக்குக்கத்தி சேர்த்தார். இந்தக் கிறுக்குக்கும் மூன்று கூட்டாளிகள் கிடைத்தார்கள். அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் நாகேந்திரன், லாரி ஓட்டும் வேடியப்பன், ஆர்.கே.பேட்டையில் வேர்க்கடலை போடும் பச்சையப்பன். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு கூடத்தில் துண்டை விரித்துக் கத்திகளைப் பரப்பி, தையல் மெஷின் எண்ணெய் விட்டு, மடக்கி, திறந்து, 'டக்' என்ற சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள். நாலு கிழங்களுக்கு இதில் என்ன சிரிப்பு என்று அவளுக்கு ஒரு நாளும் விளங்கியதில்லை.

ஒன்று மட்டும் தெரியும். ஒருவர் கத்தியை இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டார்கள். கீழே வைப்பார்கள், மற்றவர் எடுத்துக்கொள்வார். கையில் கொடுத்தால் சண்டை வரும். எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான், ஆனால் இவர்கள் விரதம்போலக் காத்தார்கள்.

அதை உடைத்தவள் ஞானம்மாள். போன வருஷம் தை மாதத்தில், கூட்டம் இல்லாத ஒரு நாள், பச்சையப்பன் தனியாக வந்து அவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். புறப்படும்போது வாசலில் நின்று, "தங்கச்சி, அந்த ஜன்னல் மேல கத்திய வெச்சிட்டேன், எடு" என்றார். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் எடுத்து அப்படியே அவர் கையில் வைத்துவிட்டாள். அவர் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார், கத்தியை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் இந்த வாசலை மிதிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் கோதண்டபாணி முகத்தைத் திருப்பிக்கொள்வார். பதினாலு மாதம் அவள் வாயைத் திறக்காமல் அந்தப் பாவத்தைச் சுமந்தாள்.

பதினோரு மணிக்கு நாகேந்திரனும் வேடியப்பனும் தெருமுனையில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குச் செய்தியே தெரியாது. இன்று இரண்டாவது ஞாயிறு. பந்தலைப் பார்த்ததும் நாகேந்திரன் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் உள்ளே வந்து அழுது ஓய்ந்ததும் ஞானம்மாள் எழுந்து தகரப் பெட்டியைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைத்தாள்.

"ஐயோ, இன்னா ஞானம் இது?" கன்னியம்மாள் பதறினாள். "பொணத்த வெச்சிகினு கத்திப் பொட்டியத் தூக்கிகினு வர்ற? உனக்கு இன்னா புத்தி கலங்கிப் போச்சா?"

"சும்மா இருங்க அண்ணி." ஞானம்மாள் நாத்தனாரிடம் குரலை உயர்த்தியது இதுதான் முதல் தடவை. "அண்ணா, காலைல என் கத்தின்னு கேட்டாரு. ஒம்போதும் காட்டினேன். எதுவும் இல்லன்னுட்டாரு. எதுண்ணா அது?"

நாகேந்திரன் பெட்டிக்குள் பார்த்தார். வேடியப்பனைப் பார்த்தார்.

"இதுல அவருது ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

"இல்லன்னா?"

"இந்த நாலும் என்னுது. அந்த மூணு வேடியப்பனோடது. மீதி ரெண்டும் பச்சையப்பனுது. நாங்க மாத்திக்குவோம். புடிச்சத எடுத்துகினு போவோம், அதுக்குப் பதிலா நம்முது ஒண்ண வெச்சிட்டுப் போவோம். அவருது எங்க கிட்ட இருக்குது." இருவரும் மடியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகக் கீழே வைத்தார்கள். ஏழு கத்தி. இத்தனை வருஷம் அவள் தூசு தட்டி வைத்ததெல்லாம் ஊரார் கத்தி.

"இந்த ஏழுல எது?" இனிமேல் வேண்டாமென்று சொல்வதற்குக்கூட அந்தத் தலை ஆடாது என்ற நினைப்பு அப்போதுதான் உறைத்தது. அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.

"இதுவும் இல்லம்மா" என்றார் வேடியப்பன். "அவரு என் கத்தின்னா அது ஒண்ணுதான். கறுப்புக் கொம்புப் புடி, சின்னது. ஆபீஸ்ல வெச்சிகினு இருந்தாரே. அத மட்டும் யாருக்கும் மாத்த மாட்டாரு."

சுலோச்சனாவும் அவளும் அலமாரி, பரண், தலையணை உறை எல்லாவற்றையும் கொட்டித் தேடினார்கள். அரிசி டின்னுக்குள்கூடக் கையை விட்டுப் பார்த்தாள். எங்கும் இல்லை. பேட்டை போகிற பஸ்ஸின் கண்டக்டரிடம் பச்சையப்பனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறது என்றார் நாகேந்திரன்.

"வருவாராண்ணா?"

"தெரியலம்மா. ஏன்டா வர்றதில்லன்னு எத்தினியோ வாட்டி கேட்டுட்டேன். அவன் கூப்பிடட்டும், வரேன்னுவான். அதுக்கு மேல வாயே தெறக்க மாட்டான்."

மூன்றரைக்குக் குளிப்பாட்டி, விபூதி பூசி, பெண்கள் வாய்க்கரிசி போட்டார்கள். சங்கு ஊதினார்கள். "எடுங்கப்பா, நாலரைக்குள்ள எடுக்கணும்" என்று கன்னியம்மாள் கடிகாரத்தைக் காட்டினாள். ஞானம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து கொண்டு, பேட்டை பஸ் வராமல் எடுக்கக் கூடாது என்றாள். யார் சொல்லியும் நகரவில்லை.

நாலு இருபதுக்குப் பச்சையப்பன் ஓடி வந்தார். சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தது. வந்தவர் யாரையும் பார்க்கவில்லை. உடம்பின் வலது பக்கம் உட்கார்ந்து, மடியை அவிழ்த்து, கறுப்புக் கொம்புப் பிடி போட்ட சின்னக் கத்தியை எடுத்து அந்தக் கைக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். வைத்துவிட்டுத் தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். வழக்கமாக வைத்துவிட்டுக் காத்திருப்பாரே, அதேபோல உட்கார்ந்திருந்தார்.

ஞானம்மாளுக்கு அந்தக் கத்தி தெரிந்தது. பச்சையப்பனுடையது என்று நினைத்து ஜன்னல் மேலிருந்து அவளே எடுத்துக் கொடுத்தது.

"அண்ணா," என்றாள். "அன்னிக்கி நான் கைல குடுத்ததாலதான உங்களுக்குள்ள சண்ட?"

"சண்டையா? எங்களுக்கா?" பச்சையப்பன் திகைத்துப் பார்த்தார். "எவன் சொன்னான்? அன்னிக்கி அவனால இத தெறக்க முடில தங்கச்சி. மூணு வாட்டி பாத்தான். நகம் பிஞ்சி ரத்தம் வந்துடுச்சி. நீ எடுத்துகினு போடா, கை சரியானதும் சொல்லி அனுப்பறேன், அதுவரைக்கும் வராதன்னான். யார் கிட்டயும் சொல்லாதன்னான். சத்தியம் வேற வாங்கினான்." மேல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "இன்னிக்கி சொல்லி அனுப்புவான், நாளைக்கி சொல்லி அனுப்புவான்னு குந்திகினே இருந்துட்டேன். நான் ஒரு முட்டாளு."

"காலைல கேட்டாருண்ணா."

"கத்தியவா?"

கத்தியையா, அதை வைத்திருந்தவரையா என்று அவளுக்குத் தெரியவில்லை. இனித் தெரியப்போவதும் இல்லை. "ஆங்" என்று மட்டும் சொன்னாள்.

தூக்குகிறவர்கள் நால்வரும் நெருங்கி வந்தார்கள். கத்தி தரையில் வைத்த இடத்திலேயே கிடந்தது.

"எடுத்து அவரு கைல குடுங்கண்ணா."

"கைலயா?" பச்சையப்பன் தயங்கினார்.

"ஆங். கைலயே குடுங்க."

அவர் கத்தியை எடுத்தார். ஒரு தடவை 'டக்' என்று திறந்து, மடக்கினார். பிறகு கோதண்டபாணியின் வாதம் அடித்த வலது கையைத் தூக்கி உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் மூடவில்லை. ஒவ்வொரு விரலாக மடித்துப் பார்த்தார், நிற்கவில்லை. கடைசியில் தன் இரண்டு கையாலும் அந்தக் கையை மூடிப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிட்டார்.

தூக்குகிறவர்களில் ஒருவன் கன்னியம்மாளைப் பார்த்தான். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு முப்பத்தெட்டு.

"இருங்கப்பா," என்றாள், "இன்னும் நேரம் இருக்குது."