வீட்டு ஆம்பளையின் கையெழுத்து

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தட்டு மாத்த வர்ற நேரத்துல போலீசுங்கறியே, நீயெல்லாம் இந்த வீட்டு மருமவளாடி?"

மாமியார் சாந்தம்மா கூடத்தின் நடுவில் நின்று கேட்டாள். நியாயமான ஐயந்தான். ஓசூர்த் தொழிற்பேட்டையில் கால் கடுக்க நின்று உழைத்து, மாதந்தோறும் சம்பளக் கவரைப் பிரிக்காமல் மாமியாரிடம் நீட்டிய வரையில் ருக்மணி மருமகள். பாகலூர் சாலையில் இரண்டறை வீடொன்றுக்குத் தன் பெயரில் வங்கிக் கடன் கேட்டாளே, அன்றே அவள் அடங்காப்பிடாரி. கூடுதல் வேலை பார்த்துச் சேர்த்ததை முன்பணமாகக் கட்டியிருந்தாள். இம்மாதத்துக்குள் கடன் கிடைக்காவிட்டால் வீடும் போகும், முன்பணமும் போகும்.

காலையில் வங்கி மேலாளர் மனுவை ஒதுக்கி வைத்தார். "எங்க கிரெடிட் கார்டுல நாப்பதாயிரத்துக்கு நகை வாங்கிட்டு ஒரு பைசா கட்டல. உங்கள நம்பி வீட்டுக் கடன் எப்படிம்மா குடுக்கறது?"

தொழிற்சாலை வாசலில் வங்கிக்காக ஆள் பிடித்தவர்களிடம் அந்த அட்டைக்கு அவள் எழுதிக் கொடுத்தது உண்மை. அது தபாலில் வந்ததையே அவள் அறியாள். அட்டைக்கு ரகசிய எண் வராத, கையெழுத்தே போதுமான காலம் அது. மேலாளர் நகைக்கடை ரசீதைக் காட்டினார். அட்டைக்குரிய பெயர் ருக்மணி, அடியில் கையெழுத்தோ, 'வெங்கடப்பன்'! கள்ளக் கையெழுத்துப் போடும் சிரமத்தைக்கூட அவள் கணவன் மேற்கொள்ளவில்லை.

"இது என் கையெழுத்து இல்லீங்களே!"

"உங்க வீட்டுக்காரர்துதானே? குடும்ப விவகாரம். திருட்டுன்னா போலீசுல எழுதிக் குடுத்து நகல் கொண்டாங்க. அப்புறம் உங்க மனுவப் பாக்கறேன்."

உழைப்பவள் தன் பெயரில் தானே கையெழுத்திட்டால் வங்கி ஐயுறுகிறது. அவள் பெயருக்கு ஓர் ஆண் கையெழுத்திட்டால் கடை கைகூப்பி நகையைப் பொதிந்து கொடுக்கிறது. வாழ்க நம் நாட்டின் நாணயம்!

இப்போது வீட்டுக் கூடத்தில் வெங்கடப்பன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். "தப்பென்னடி? கடைக்காரன் கார்டப் பாத்தான், என்னப் பாத்தான், 'யஜமான்ரே, சைன் மாடி'ன்னு கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவ நீட்டுனான். பெங்களூர்க்காரனுக்குத் தெரிஞ்ச மரியாத உனக்குத் தெரியல. என் தங்கச்சி கல்யாணத்துக்குத்தான வாங்குனேன்?"

மாப்பிள்ளையான கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் ஆலைக் கணக்கருக்கு வரதட்சணையாகப் பத்துச் சவரன் வேண்டுமாம். மாம்பழம் பிழிந்த இடத்தில் மனிதரைப் பிழியவும் கற்றிருந்தார்.

"கடன நீங்க கட்டுவீங்களா?"

"உன் பேர்ல இருக்கற கடன நான் எதுக்குக் கட்டணும்?"

அதுவரை சுவரோரம் நின்ற கல்யாணப் பெண், நாத்தனார் நாகம்மா நிமிர்ந்தாள். "வரதட்சணை கேட்டவனுக்கே வெக்கமில்ல, போலீசுக்குப் போக உனக்கென்ன அண்ணி? போய்ட்டு வா."

"வாய மூடுடி!" என்று மகள் பக்கம் பாய்ந்தாள் சாந்தம்மா. ருக்மணி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

காவல் நிலையத்தில் ஏட்டையா புகாரைப் படித்து முடித்து, அதை அவள் பக்கமே நகர்த்தினார்.

"புருஷன் மேலயா? இதெல்லாம் பொம்பள தனியா வந்து குடுக்கற சமாச்சாரம் இல்லம்மா. வீட்டு ஆம்பளையக் கூட்டிட்டு வா."

ருக்மணி தாளைத் திரும்பவும் அவர் முன் வைத்தாள்.

"அவரக் கூட்டிட்டு வர்றது உங்க வேலைங்கய்யா. அதுக்குத்தான் எழுதிக் குடுக்கறேன்."