பூங்காவனம் கொட்டகைப் படுதா

"பொறந்த ஊட்டுக் கோடி யாரும்மா கொணாந்துது? ஜல்தி எடுத்தாங்க, வெயிலு ஏறிக்கினே போவுது," என்று இரண்டாம் முறையாகக் கேட்டார் சடங்கு செய்ய வந்த விருத்தாசலம்.

குளிப்பாட்டிக் கிடத்திய அம்மாவின் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த அஞ்சம்மாள் வாசலைப் பார்த்தாள். செத்த பெண்ணுக்கு அண்ணன் தம்பி புதுப்புடவை போர்த்தினால்தான் பிறந்த வீடு வழியனுப்பியதாக அர்த்தம். அம்மா வீரம்மாளுக்கு இருப்பது ஒரே தம்பி, ஒலக்கூர் துரைக்கண்ணு. பதினைந்து வயதில் நாடகத்துக்கு ஓடிவந்தவளை அன்றைக்கே தலைமுழுகிய குடும்பம் அது. ஆனாலும் படுக்கையில் கிடந்த ஒரு மாதமும் அம்மாவுக்கு அதே பேச்சுதான். "எனக்கு வேற எதுவும் வாணாம்டி. எந்தம்பி கையால ஒரு துணி மேல வுழுந்தாப் போதும்." விடியற்காலையில் உயிர் போனதுமே ஒலக்கூருக்கு ஆள் போய்விட்டான். இப்போது மணி பன்னிரண்டு.

வந்தது வேறு ஆள். திண்டிவனம் பூங்காவனம் நாடகக் கொட்டகையின் இன்றைய முதலாளி தேவநாதன், பட்டு அங்கவஸ்திரமும் போட்டோகிராபருமாக உள்ளே நுழைந்தார். பின்னால் நாலு பேர் ஒரு சிவப்புத் துணிச் சுருளைத் தோளில் சுமந்து வந்தார்கள். கொட்டகையின் பழைய முன்படுதா. இறக்கியபோது எலிப் புழுக்கை பொலபொலவென்று உதிர்ந்தது. அந்த மூத்திர வாடைக்கு முன்னால் ஊதுபத்தி எம்மாத்திரம்?

தேவநாதன் தொண்டையைச் செருமினார்.

"எங்க தாத்தா முப்பத்தி நாலுல கீத்துக் கொட்டாயா ஆரம்பிச்சாரு. நெருப்புல போனப்புறம் நாப்பத்தி ஒண்ணுல கல் கட்டடமா எழுப்பினாரு. விழுப்புரத்திலேருந்து ஜனம் ரயில் ஏறி வந்து பாக்கும். இந்த வருஷம் பொன்விழா. நடிகைக்குப் பொறந்த வீடு கொட்டாய்தான். அதனால கோடிய நாங்களே போடறோம்."

கூட்டத்தில் எவனோ கையே தட்டிவிட்டான்.

அந்தச் சரித்திரத்தில் விட்டுப்போனதெல்லாம் அஞ்சம்மாளுக்குத் தெரியும். கல் கட்டடம் எழும்பியபோது அம்மா பகலில் செங்கல் சுமந்தாள், ராத்திரி ராஜா வேஷம் கட்டினாள். கட்டி முடித்த கொட்டகையில் நடிகைகள் முன்வாசல் மிதிக்கக் கூடாது என்றார் அந்தத் தாத்தா. கக்கூஸ் சந்து வழியாகத்தான் போக வேண்டும். சிம்மாசனம் ஏறும் ராஜா, மூக்கைப் பொத்திக்கொண்டு சாக்கடையைத் தாண்டித்தான் தினமும் அரண்மனைக்குப் போனார். மூன்று மாதத்துக்கு முன்னால் பொன்விழா நாடகம் பார்க்க ரிக்‌ஷாவில் போன அம்மாவை, "உள்ள போவ பாஸ் இருக்குதா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியதும் இதே தேவநாதனின் ஆட்கள்தான்.

"வாணாம் சார். எங்க மாமா வந்துக்கினு இருக்காரு."

"அட, மனசு கோணாதம்மா. விழா மலர்ல போட ஒரே ஒரு போட்டோ," என்றபடியே அவர் கைகாட்ட, நாலு பேரும் படுதாவை விரித்துவிட்டார்கள். அதற்கடியில் அம்மாவின் உடம்பே காணாமல் போயிற்று. முகம் மட்டும் வெளியே தெரிந்தது. கன்னத்தில் ஒட்டடை.

"சார், இன்னும் கொஞ்சம் கிட்ட குந்துங்க," என்றான் போட்டோகிராபர்.

அந்த நேரம் பார்த்துத்தான் துரைக்கண்ணு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை. அக்காவைப் பார்த்தார், படுதாவைப் பார்த்தார். முகம் சுளித்துக்கொண்டது.

"செத்தும் கூத்தாடி வேஷம் போவல. இதும் மேல நான் எங்க போர்த்தறது?" என்று வந்த வழியே திரும்பினார்.

அஞ்சம்மாள் எழுந்தாள். படுதாவின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அத்தனை தூசியும் புழுக்கையும் தேவநாதனின் பட்டின்மேல் கொட்டின.

"எடுத்துக்கினு போங்க சார். உங்க தாத்தா சமாதிமேல போர்த்துங்க."

அதை வாசல் வரைக்கும் தரதரவென்று இழுத்துப் போட்டுவிட்டுத் தெருவில் ஓடி, துரைக்கண்ணுவின் கையைப் பிடித்தாள். "மாமா, போட்டுட்டுப் போயிடுங்க. மூஞ்சக்கூடப் பாக்க வாணாம்."

ஒலக்கூர்க்காரர் யாராவது நிற்கிறார்களா என்று அவர் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டார். பிறகு உள்ளே வந்து, எட்ட நின்றபடியே அரக்குப் புடவை ஒன்றைக் காலடியில் போட்டார். போட்ட கையைத் தட்டிக்கொண்டு செருப்பைத் தேடிப் போனார்.

அஞ்சம்மாள் புடவையைப் பிரித்தாள். இஸ்திரி மடிப்பு மொடமொடவென்று இருந்தது. ஆனால் கரை நைந்து நூல் தொங்கியது. முந்தானையில் துவைத்தும் போகாத குழம்புக் கறை. யாரோ கட்டிக் கழித்த புடவை.

"கோடி வந்துடுச்சாம்மா?" என்றார் விருத்தாசலம்.

"வந்துடுச்சுங்க. எங்க மாமா போட்டாரு."

கழுத்துவரை இழுத்துப் போர்த்தினாள். நைந்த கரையை, யார் கண்ணிலும் படாமல், அம்மாவின் தோளுக்கடியில் மடித்துச் செருகினாள்.