யாருக்கும் ஒட்டாத கட்டி

மருந்துக்கடையில் அட்டைப்பெட்டி இறக்கிவைக்கிற ஆளுக்கு அந்த வீட்டில் 'டாக்டர்' என்று பேர். தையல்காரியின் கணவனுக்கு அண்ணன் அவர். வாயில் நுழையாத மாத்திரைப் பேர் நாலைச் சொன்னால் வாய் பிளக்கிற குடும்பத்துக்கு அதுவே பெரிய படிப்பு. தையல்காரி மட்டும் மனசுக்குள் அவரை அட்டைப்பெட்டி என்றுதான் கூப்பிடுவாள்.

சின்ன வயசிலிருந்தே அவள் இடுப்புக்குக் கீழே, பின்பக்கம், மெத்துமெத்தென்று மஞ்சள் பாய்ந்த புடைப்புகள் சில உண்டு. வலி கிடையாது. பிள்ளை பெற்ற பிறகு அவை பெருத்து ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. மிஷின் முன்னால் நாளெல்லாம் உட்கார்ந்தால் துணி உரசி எரிந்தது.

கணவன் போய் அண்ணனிடம் சொன்னான். தம்பி பெண்டாட்டியின் இடுப்பை அண்ணன் பார்க்க முடியாது. தம்பியும் வெளிச்சத்தில் பார்த்தவனில்லை, இருட்டில் கைக்குத் தட்டுப்பட்டதைத்தான் வர்ணித்தான். பார்க்காதவன் சொல்ல, பார்க்காதவர் வைத்தியம் செய்தார்.

"இது பரவுற மருடா. புள்ளைய அவகிட்ட படுக்க விடாத."

கூடவே மருவைக் கரைக்கிற ஆசிட் ஒரு பாட்டில். சுற்றியிருந்த நல்ல தோல் வெந்தது. கட்டி ஜம்மென்று இருந்தது. மாமியார் அவள் சோப்பைத் தனியாக வைத்தாள், நாலு வயசுப் பேத்தியைத் தன் அறைக்கு இழுத்துக்கொண்டாள். கணவன் தலையணையோடு கூடத்துக்குப் போய்விட்டான். இவனெல்லாம் ஒரு ஆம்பளை.

ஒருநாள் தலை வாரும்போது மகள் கேட்டாள்: "அம்மா, நான் உன்னைத் தொட்டா செத்துப்போயிடுவேனா?"

சீப்பைக் கீழே போட்டுவிட்டுத் தோல் டாக்டரிடம் கிளம்பினாள்.

டாக்டரம்மா விளக்கைப் பிடித்து உற்றுப் பார்த்தார். "ஆசிட் போட்டது யாரு?"

"எங்க வீட்டு டாக்டர், மேடம்."

"எங்க படிச்சவரு?"

"அட்டைப்பெட்டி மேல."

சின்னத் துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது.

"தோலுக்கு அடியில இருக்க வேண்டிய கொழுப்பு, தோலுக்குள்ளேயே வந்து உக்காந்திருக்கு. அபூர்வமாத்தான் வரும். புற்றுநோய் இல்ல, யாருக்கும் ஒட்டாது. எடுத்தே ஆகணும்னும் இல்ல."

"எடுத்துடுங்க மேடம். அவங்களுக்காக இல்ல, மிஷின்ல உக்காரணும்."

அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, வெட்டியெடுத்துத் தையல் போட்டார்கள். அன்று சாயங்காலமே வீடு திரும்பி, டாக்டரம்மா சொன்னதை எல்லோரிடமும் சொன்னாள்.

"பயப்பட ஒண்ணுமில்லன்னு நான் அப்பவே சொன்னேனே," என்றார் அட்டைப்பெட்டி. மாமியார் பெருமையாகத் தலையாட்டினாள். இதுகளிடம் பேசுவது வாய்க்குத்தான் கேடு. தையல்காரி நேரே மாமியார் அறைக்குப் போய், மகளின் கையைப் பிடித்துத் தன் அறைக்குக் கூட்டிவந்தாள். மகள் அவள் மடியில் ஏறி விழுந்தாள். தையல் சுரீரென்றது. பிள்ளையை அவள் இறக்கிவிடவில்லை.

வாசலில் கணவன், தலையணையைக் கட்டிக்கொண்டு இளித்தபடி நின்றான். "அதான் ஒட்டாதுன்னு சொல்லிட்டாங்களே..."

"எதுக்கும் உங்க அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க," என்று கதவைச் சாத்தினாள்.