இடது கதவு, மறுபடியும் இடது கதவு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு வீட்டுப் புகைபோக்கிக்குள் இரண்டு குழாய்கள் இருந்தன. இரண்டையும் கேமரா விட்டுப் பார்த்தாயிற்று, இரண்டும் நன்றாக இருக்கின்றன என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தோம். பார்த்தது ஒன்றைத்தான், இரண்டு தடவை. பார்க்காத குழாய்க்குக் கீழே சனிக்கிழமை நெருப்பு மூட்டுவார்கள் என்பது செவ்வாய்க்கிழமையே எங்களுக்குத் தெரியும்.

நானும் மார்லிஸும் அஸ்டோரியா என்கிற ஆற்றங்கரை ஊரில் பதினான்கு வருடமாகப் புகைபோக்கி துடைக்கிறோம். இரண்டு பெண்கள், ஒரு வேன். மார்லிஸ் முதலாளி, அறுபது வயது, கூரை அவளுடையது. நான் தரை.

இங்கே மேட்டிலிருக்கும் மரவீடுகளுக்கெல்லாம் நூறு வயதுக்கு மேல். புகைபோக்கியின் செங்கல் மழையைக் குடிக்கும். அதற்குள்ளே சுட்ட மண்குழாய்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். அது வருடம் முழுக்க ஊறிக் காய்ந்து ஊறி, ஒருநாள் விரிசல் விடும். விரிசல் வழியாகச் சூடு சுவர் மரத்துக்குப் போகும். வாசனையே இல்லாத நச்சுக்காற்று வீட்டுக்குள் வரும். தொழில் விஷயம் இவ்வளவு தெரிந்தால் போதும், மேலே படிக்கலாம்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"மழை பெய்துகொண்டிருந்தது." (அடித்துவிட்டேன். இந்த ஊர்க் கதையை இப்படித் தொடங்குவது, 'அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்' என்று தொடங்குவதைப் போல.)

இரண்டாம் முயற்சி:

"புகைபோக்கி என்பது ஒரு வீட்டின் தொண்டை, அது அடைத்துக்கொண்டால் வீடு தன் துக்கத்தை..." (தொண்டையாவது, துக்கமாவது. மார்லிஸுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் பிரஷ்ஷாலேயே அடித்திருப்பாள்.)

மூன்றாம் முயற்சி:

"டுவேன் என்பவன் மார்லிஸிடம் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நாற்பத்தைந்து வயது. வேலையில் நல்லவன்தான், ஆனால் சாப்பாடு என்று கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவான்."

இது நிற்கும்போலத் தோன்றியது. வைத்துக்கொண்டேன்.

3

செவ்வாய்க்கிழமை காலை, பாலத்தடியில் இருக்கும் கங்காஸ் குடும்பத்து வீடு. அங்கே அக்காவும் தம்பியும் இருக்கிறார்கள். லெம்பிக்கு எழுபத்தாறு, மீன் டப்பா ஆலையில் முப்பது வருடம் நின்றவள். ரெய்னோவுக்கு எழுபத்தொன்று, ஆற்றில் சால்மன் வலை போட்டவர். இருவரும் துணையை இழந்து அப்பா கட்டிய வீட்டுக்கே திரும்பி வந்தவர்கள். நிலவறையில் அந்த அப்பா கட்டிய சவுனா இருக்கிறது. விறகடுப்பில் கல்லைச் சுடவைத்து, கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவியில் உட்கார்ந்து குளிக்கிற அறை. சனிக்கிழமை சவுனா இல்லையென்றால் அந்த வீட்டில் சனிக்கிழமையே இல்லை.

ஆனால் ஆறு சனிக்கிழமையாக மூட்டவில்லை. நிலவறைப் படியில் ஏதோ கருகிய வாடை வருகிறது என்று லெம்பிக்குச் சந்தேகம்.

"உங்க காகிதம் கைக்கு வந்தாத்தான் தீக்குச்சியைத் தொடுவேன்னு சொல்லிட்டேன். இவன்தான் ஆறு வாரமா குளிக்காத பூனை மாதிரி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கான்" என்றாள்.

"ஷவர்ல குளிக்கிறேனே" என்றார் ரெய்னோ.

"அது நனையறதுடா. குளிக்கிறதில்ல."

மார்லிஸ் கூரையில் ஏறிக் கரியைத் துடைத்தாள். டுவேன் நிலவறையில். புகைபோக்கியின் அடியில் உள்ளங்கை அகலத்தில் இரண்டு இரும்புக் கதவுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இடது கதவு மேலே கூடத்துக் கணப்புக்குப் போகும் குழாய். வலது கதவு சவுனா அடுப்புக்கானது. நீளக் கம்பியின் நுனியில் கேமராவைக் கட்டிக் கதவு வழியாக மேலே தள்ள வேண்டும், திரையில் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். ஒரு குழாய் முடிந்ததும் அந்தக் கதவில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட வேண்டும். மார்லிஸின் சட்டம் அது.*

டுவேன் இடது குழாயை முடித்தான். பையில் கைவிட்டு சாக்பீஸைத் தேடினான். அப்போது மேலிருந்து லெம்பியின் குரல்.

"காபி ஆறுது! புகைபோக்கி எங்கயும் ஓடிப்போயிடாது, மேல வாங்க!"

"போயிடுங்க, போயிடுங்க," என்றார் ரெய்னோ, படியில் நின்றபடி. "ரெண்டாவது தடவை கூப்பிட மாட்டா. இறங்கியே வந்துடுவா."

அந்த வீட்டில் காபியை மறுத்தவன் கிடையாது. ஏலக்காய் ரொட்டி மூன்று துண்டு, காபி இரண்டு கோப்பை, பக்கத்து வீட்டுக்காரியின் மூட்டுவலி அரைமணி நேரம். டுவேன் திரும்பி இறங்கி வந்தான். இரண்டு கதவும் சும்மா மூடியிருந்தன. ஒன்றைத் திறந்தான்.

இடது கதவை.

* இந்தச் சட்டம் எழுதப்பட்டதல்ல. மார்லிஸுடைய எந்தச் சட்டமும் எழுதப்பட்டதல்ல. அதனால்தான் மீறுவது சுலபமாக இருக்கிறது.

4

இங்கே எழுத்து நின்றுவிட்டது. நான்கு நாள் நகரவில்லை.

சிக்கல் டுவேன்தான். அவனுக்கு மீசை வைத்துப் பார்த்தேன். ஒரு விவாகரத்து கொடுத்தேன். முட்டியில் வலி கொடுத்தேன். எதுவும் ஒட்டவில்லை. சனிக்கிழமைக் காட்சியில் அவன் திரைமுன் உட்கார்ந்து தன் தவறைக் கண்டுபிடிக்க வேண்டும். "டுவேனின் வயிற்றில் புளியைக் கரைத்தது" என்று எழுதினேன். கரைத்தது என் வயிற்றில். அவன் பாட்டுக்கு ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இது. சரி, சொல்லிவிடுகிறேன். டுவேன் என்று யாரும் கிடையாது. நாங்கள் எப்போதும் இரண்டு பேர்தான், முதல் பகுதியிலேயே நான் உளறிவிட்டதை நீங்கள் கவனித்திருக்கலாம். கூரையில் மார்லிஸ். தரையில் நான். மூன்று துண்டு ரொட்டி தின்றவள் நான், சாக்பீஸ் தேடியவள் நான், இடது கதவை மறுபடியும் திறந்தவள் நான். "இரண்டு குழாய்களும் நன்று" என்று காகிதத்தில் எழுதியது என் கை. மார்லிஸ் படத்தை முழுக்கப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள், ஏனென்றால் அக்டோபர், குளிருக்கு முன்னால் ஊரே எங்களைக் கூப்பிடும் மாதம், அன்றைக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி, எழுதியது நான்.

மூன்றாம் பகுதியில் டுவேன் என்று வருமிடமெல்லாம் பூரணி என்று என் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். நான் திருத்தவில்லை. அசிங்கம் கண்ணுக்குத் தெரியட்டும்.

5

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த வாரத்துப் படங்களுக்குப் பெயர் போட்டுக்கொண்டிருந்தேன். கங்காஸ் வீட்டு முதல் படத்தில் பாதி உயரத்தில் ஓர் இணைப்பு. அங்கே சாந்து வழிந்து, ஆட்டுக்காது போல மடிந்து காய்ந்திருந்தது. இரண்டாவது படத்தைத் திறந்தேன். பாதி உயரத்தில் அதே ஆட்டுக்காது.

மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். அதே காது.

"மார்லிஸ்," என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

அவள் வந்து குனிந்து பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். "ரெய்னோ எத்தனை மணிக்கு மூட்டுவார்?" என்று மட்டும் கேட்டாள்.

"மூணுக்கு."

போன் அடித்தோம். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தோம். எடுக்கவில்லை. (தீயணைப்புக்குச் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். மார்லிஸின் போனில் சொன்னோம். அவர்கள் எங்களுக்கு ஆறு நிமிடம் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.)

வேனில் மார்லிஸ் ஒரே ஒரு வார்த்தை பேசினாள். "பெல்ட்டைப் போடு."

என் மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு வாரம் ஜாக்கிரதையாக இருந்தவர்கள். நான் எழுதிய காகிதத்தை நம்பி இன்றைக்கு உள்ளே போய் உட்காருவார்கள். லெம்பி கதவைச் சாத்துவாள்.

பாலத்தடியில் திரும்பியதும் வீடு தெரிந்தது. புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

6

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) "நிலவறைக் கதவு உள்பக்கம் சாத்தியிருந்தது. மார்லிஸ் தோளால் இடித்தாள். பெஞ்சில் இருவரும்..." (இதை முடிக்கவில்லை. முடிக்கவும் மாட்டேன். இந்த வாக்கியம் இன்றைக்கும் கனவில் வருகிறது, அது போதும்.)

(ஆ) நாங்கள் சரியான நேரத்துக்குப் போய் இருவரையும் தூக்கி வெளியே கொண்டுவந்து, ஊர் எங்களைப் புகழ்கிறது. (வெட்கங்கெட்ட முடிவு. இரண்டு நிமிடம் ஆசைப்பட்டேன்.)

(இ) நடந்தது.

கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே ஓடினோம். நடையில் அலமாரி மேல் போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது, என் போனை நான் அணைக்கவேயில்லை. கூடத்தில் கணப்பு எரிந்தது. அதன் முன் லெம்பி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் ரெய்னோ, கூடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். வெளியே தெரிந்த புகை கணப்புப் புகை. இடது குழாய். நான் இரண்டு தடவை பார்த்த குழாய்.

"சவுனா மூட்டியாச்சா?" மார்லிஸ் கத்தினாள்.

"அவன்கிட்டக் கேளு" என்றாள் லெம்பி.

"அவகிட்டச் சொல்லு," என்றார் ரெய்னோ சமையலறையிலிருந்து. "வாளிக்கு மன்னிப்புக் கேட்டாத்தான் மூட்டுவேன்."

"என்ன வாளி?"

"அப்பாவோட மர வாளி. வியாழக்கிழமை அதை உடைச்சு இந்தக் கணப்புல போட்டுட்டா. பிளாஸ்டிக் வாளி வாங்கி வச்சிருக்கா. சவுனாக்குள்ள பிளாஸ்டிக்!"

"ஒழுகுச்சுடா. தொட்டா கையில சிராய் ஏறுது."

"போன் ஏன் எடுக்கல?" மார்லிஸ் கேட்டாள்.

"அவ எடுப்பான்னு இருந்தேன்."

"அவன்தான் எடுக்கட்டுமேன்னு இருந்தேன்."

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சவுனாவுக்குள் சண்டையோடு போகக்கூடாது. தேவாலயத்துக்குள் போவது மாதிரி, மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாமல் போக வேண்டும். அப்பா போட்ட சட்டம், எழுபது வருடமாக ஒருவரும் மீறியதில்லை. வாளிச் சண்டை தீரவில்லை, அதனால் அடுப்பு பற்றவைக்கவில்லை. தலைக்கு வந்தது ஒரு வாளியோடு போயிற்று.

மார்லிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது. போன உயிர் திரும்பி வரும்போது இத்தனை சத்தத்தோடு வரும் என்று எனக்குத் தெரியாது. லெம்பி பயந்துபோய் எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, என்னம்மா? யாருக்கு என்ன ஆச்சு? டேய் ரெய்னோ, வந்து பாருடா! வாளிக்கு நான் செஞ்சது தப்புதான், போதுமா? வாடா!"

ரெய்னோ வந்தார். "சரி விடு அக்கா. அது ஒழுகத்தான் செஞ்சுச்சு." என்னைப் பார்த்தார், மார்லிஸைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஆளும் வந்தாச்சு, சண்டையும் தீர்ந்தாச்சு. இந்தப் பொண்ணுக்கும் கொஞ்சம் சூடு வேணும்போல இருக்கு. மூட்டிடறேன்."

தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு நிலவறைப் படியை நோக்கி நடந்தார்.

"வேண்டாம்!" என்று கத்தினேன்.

எல்லோரும் திரும்பினார்கள். "ஏன்?" என்றாள் லெம்பி.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மார்லிஸ் தரையிலிருந்தபடியே சொன்னாள்: "என் தப்பு. சவுனாக் குழாயை நான் சரியா பார்க்கல. திங்கட்கிழமை வந்து பார்க்கறேன். அதுவரைக்கும் தொடாதீங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன்.

7

திங்கட்கிழமை வலது கதவைத் திறந்து கேமராவை விட்டோம். பாதி உயரத்துக்கு மேல் மண்குழாய் நீளவாக்கில் பிளந்திருந்தது. ஒரு துண்டு விழுந்த ஓட்டையில் பின்னால் உத்தரம் தெரிந்தது. கருகியிருந்தது. லெம்பியின் மூக்கு சொன்னது சரி. உடைந்த மண்குழாய்களைத் தட்டி எடுத்து, உத்தரத்தை மாற்றச் சொல்லி, கூரையிலிருந்து எவர்சில்வர் குழாயை அடிவரைக்கும் இறக்கினோம். மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் லெம்பி என்னிடம் கனிவாகவும் மார்லிஸிடம் வெடுக்கென்றும் பேசினாள். "மார்லிஸுக்கு வயசாயிடுச்சு, கண்ணு சரியில்ல" என்று தேவாலயத்தில் சொன்னாளாம். இரண்டு வீட்டுக்காரர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டார்கள்.

"சொல்லிடறேன் மார்லிஸ்" என்றேன் ஒருநாள்.

"சொல்றதுன்னா சொல்லு. என்கிட்ட ஏன் அனுமதி கேக்கறே?"

அதற்குப் பதிலாக நான் என்ன செய்தேன் என்றால், இந்தக் கதையை எழுதினேன். நான்காம் பகுதியில் அவ்வளவு வீரமாக ஒப்புக்கொண்டேனே, யாரிடம்? உங்களிடம். இந்த ஊரில் ஒருவராலும் படிக்க முடியாத எழுத்தில். எழுதி முடித்ததும் நெஞ்சு லேசாகும் என்று காத்திருந்தேன். ஆகவில்லை.

8

மேலே உள்ளதெல்லாம் போன வாரம் எழுதியது. இதை இன்று, ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.

நேற்று புதுக் குழாயின் முதல் சவுனா. எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். பெண்கள் முதலில், ரெய்னோ பிறகு. நிலவறையில் துண்டைக் கட்டிக்கொண்டு மூவரும் நின்றோம். அடுப்பு நன்றாக இழுத்தது. கதவில் கைவைத்தபடி லெம்பி வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள்:

"யாருக்காவது மனசுல ஏதாவது இருக்கா?"

மார்லிஸ் கூரையைப் பார்த்தாள்.

"இருக்கு," என்றேன். பிறகு நான்காம் பகுதியை அவர்களுக்குப் புரியும் மொழியில், மீசையும் விவாகரத்தும் இல்லாமல், சொன்னேன். கேமரா பிடித்தது நான். குறி போடாதது நான். மார்லிஸ் பழியை எடுத்துக்கொண்டபோது சும்மா நின்றதும் நான்.

லெம்பி என்னைப் பார்த்தாள். மார்லிஸை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஏதோ சொன்னாள்.

என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப் போவதில்லை. நான் எழுதினால் எனக்குச் சாதகமாக எழுதிவிடுவேன், டுவேனைப் பார்த்தீர்கள் அல்லவா? நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். லெம்பியை உங்களுக்கு ஓரளவு தெரியும். அவள் குரல் எப்படி இருக்கும், தம்பியை எப்படித் திட்டுவாள், அந்த வீட்டுச் சட்டம் என்ன என்பதெல்லாம் தெரியும்.

உதவிக்கு ஒன்றை மட்டும் சொல்லலாம். மூன்று பேரும் உள்ளே போனோம்.