முடிவைச் சொல்லாத விமர்சனம்

சூசைமாணிக்கத்தின் வலது தோள் இற்று விழுவதுபோல வலித்தது. நார்த்தாமலைக்கு அடுத்த கல்குவாரியில், சரிந்த பாறைக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து, மறுமுனையில் உடம்பைப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தான். கையை எடுத்தால் பாறை இன்னும் இறங்கும். அதன் கீழே, கூடவே கல் உடைக்கும் மூத்தவர் தங்கமுத்து இடுப்புவரை மாட்டிக் கிடந்தார். பாறையைத் தூக்கும் பொக்லைன் எந்திரத்தைக் கூட்டிவர, உடன் வேலை பார்க்கும் நாகராசு ஓடியிருந்தான். அது கீரனூர் பக்கம் வேறொரு குவாரியில் நின்றது.

தங்கமுத்துவுக்குக் கண் செருகியது.

"அண்ணே, தூங்காதீங்க. ஏதாச்சும் பேசுங்க."

"நீ பேசு. நீதான பேய்க்கதைக்காரன்."

சூசை பழைய வெளிநாட்டு மலிவுப் பத்திரிகைகளில் வந்த திகில் கதைகளைத் தமிழ் மொழிபெயர்ப்பில் தேடிப் படிப்பான். விமர்சனத்தைச் செல்போனில் பேசி வாட்ஸ்அப் குழுவில் போடுவான். டீ நேரத்தில் தங்கமுத்து அதைக் கேட்டுவிட்டுக் கிண்டலடிப்பார். சூசைக்கு ஒரே விதி. கதையின் முடிவை மட்டும் சொல்லமாட்டான்.

"இந்த வாரம் சுரங்கக் கதைண்ணே. பாறைக்குள்ளருந்து தட்டுற சத்தம் கேக்கும். ஒருத்தன் காணாமப் போனா ஒரு தட்டு கூடும்."

"அட கருமமே! இன்னக்கிப் போயி ஒனக்கு இதுதான் கெடச்சுச்சா?"

"வேற எதுவும் வாயில வரலண்ணே."

"சரி, எப்புடி எழுதியிருக்கான்?"

"இருட்ட நல்லா எழுதியிருக்கான். ஆனா சுத்தியலத் தொட்டவன் இல்ல. பத்துப் பேரு உள்ள கெடக்கான், ஒருத்தன்கூடத் தண்ணி கேக்கல."

தங்கமுத்து சிரிக்கப் பார்த்தார். உதட்டோரம் ரத்தம் வழிந்தது.

"அப்பப் பொய்க்கதைதான். எனக்குத் தண்ணி குடு."

"கேன் அங்கிட்டு இருக்குண்ணே. நான் கைய எடுத்தா..."

"விடு. முடிவச் சொல்லு. தட்டுனது யாரு?"

சூசை வாயைத் திறந்தான். சொல்லிவிட்டால், அப்புறம் இவர் எதற்காகக் கண்ணைத் திறந்து வைத்திருப்பார்?

"ஆஸ்பத்திரியில சொல்றேன்."

"வெளாடாதடா. சொல்லு."

"சொன்னாத் தூங்கிருவீங்க. எந்திரிச்சு வந்து கேளுங்க."

"பாவிப்பயலே" என்றார். கண்ணை மூடவில்லை.

பொக்லைன் வந்தது. பாறைக்கு அடியில் ஆள் இருந்தால் வண்டியை அணைத்துவிட்டுக் காது கொடுப்பது குவாரிப் பழக்கம். அடியில் கிடப்பவர் உளியால் மூன்று தட்டுத் தட்டினால் நினைவோடு இருக்கிறார் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் தூக்குவார்கள்.

"தட்டச் சொல்லுங்க!" டிரைவர் கத்தினான்.

தங்கமுத்துவின் கையிலிருந்த உளி பாறையில் ஒருமுறை தட்டியது. இன்னொரு முறை.

சூசை காத்திருந்தான்.

"மூணாவது எங்க?" என்றான் டிரைவர்.

"அண்ணே, தட்டுங்க. அண்ணே!"

மூன்றாவது வரவில்லை. அதற்குமேல் காத்திருக்காமல் பாறையைத் தூக்கியபோது உயிர் இல்லை.

சூசையின் விரல்கள் கடப்பாரையை விட்டுப் பிரியவில்லை. நாகராசுதான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான்.

"இம்புட்டு நேரமா என்னடா பேசிக்கிட்டு இருந்தீங்க?"

"கதை."

"முடிஞ்சுச்சா?"

தண்ணீர் கேன் வைத்த இடத்திலேயே இருந்தது. சூசை அதைப் பார்த்தான்.

"இல்ல. அண்ணனுக்கு ஒரு வாய் தண்ணியும் கதையோட முடிவும் நான் பாக்கி."