உண்மைச் சம்பவத்தைத் தழுவியது

புது டிவி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. பழைய டிவியில் எது வந்ததோ அதைப் பார்த்தார்கள், பார்த்ததைத் திட்டினார்கள், படுக்கப் போனார்கள். புதியதில் எதுவும் தானாக வராது. எந்தப் படம் வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால், எந்தக் கம்பெனிக்குச் சந்தா கட்டுவது என்று முடிவு செய்தாக வேண்டும். அந்தப் பொறுப்பை வீட்டுக்காரியின் கொழுந்தன் யாரும் கேட்காமலே தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டான்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறவன். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டிலேயே சாப்பாடு, தூக்கம், சட்டைக்கு இஸ்திரி எல்லாம். எல்லாக் கம்பெனிகளும் முதலில் சில நாள் இலவசமாகக் காட்டுவார்கள், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு நல்லதாக ஒன்றை எடுக்கலாம் என்றான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

முதல் சேவையில் படத்தைவிட விளம்பரம் அதிகம். கதாநாயகி அழ ஆரம்பித்தால் பாத்திரம் தேய்க்கும் சோப்பு வந்து நிற்கும். இரண்டாவதில் அவர்கள் ஏற்கெனவே பார்த்த படங்களே புதுத் துணி கட்டிக்கொண்டு வந்தன. இருந்தும் சாயங்காலம் முழுக்க எதைப் பார்ப்பது என்று தேடுவதிலேயே போயிற்று. கொழுந்தன் சோபாவில் மல்லாந்துகொண்டு, சிப்ஸ் தின்ற விரலை நக்கிவிட்டு அதே விரலால் ரிமோட்டை அமுக்குவான். பொத்தான்களின் இடுக்கில் உப்பும் எச்சிலும் அப்பிக் காய்ந்திருந்தன. ஒருநாள் அண்ணி அதைப் பஞ்சால் துடைத்தபோது பஞ்சு மஞ்சளாக வந்தது. அவளுக்குக் குமட்டியது.

அப்படிக் குமட்டக்கூடிய ஆளே இல்லை அவள். அரசு மருத்துவமனையில் தீக்காய வார்டு நர்ஸ். உரிந்த தோலையும் சீழையும் தினமும் கையால் தொட்டுத் துடைக்கிறவள். அங்கே முகம் சுளித்தால் கட்டிலில் கிடப்பவர் அதைப் பார்த்துவிடுவார் என்பதால், சுளிக்காத முகம் ஒன்று அவளுக்குப் பழகிப்போயிருந்தது. வீட்டுக்கு வந்தால்தான் கஷ்டம். கணவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நல்ல மனுஷன், ஆனால் ஆஸ்பத்திரி வாடை மட்டும் அவருக்கு ஆகாது. அவள் பின்வாசல் வழியாக வந்து, குளித்து, வேறு உடை மாற்றிய பிறகுதான் ஹாலுக்குள் கால் வைக்க வேண்டும். கல்யாணமான புதிதில் வந்த ஏற்பாடு அது. அவளும் ஒன்றும் சொன்னதில்லை.

மூன்றாவது சேவை வந்த பிறகு, அந்தச் சுத்தமான ஹாலில் தினமும் ஒரு பிணம் விழுந்தது.

அந்தக் கம்பெனிக்குக் கொலைதான் மூலதனம் என்று சொல்லிவிடலாம். மனைவியைத் துண்டு போட்டவன், வரிசையாகப் பெண்களைக் கடத்தியவன் என்று எல்லாமே உண்மைச் சம்பவத்தைத் தழுவியது. கொழுந்தன் சொக்கிப்போனான். கணவரும் மெல்ல மெல்ல வசமானார். ரம்பம் எலும்பில் இறங்கும்போது அவர் வாயில் கோழிக்கால் இருந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அதை உறிஞ்சி, எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொல்லிக் கையை நீட்டினார். அவள் ஊற்றினாள். ஊற்றிவிட்டு, இந்த மனுஷனா என் துணி வாடைக்கு மூக்கைப் பொத்துகிறார் என்று ஒரு கணம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏதாவது சிரிப்புப் படம் இருந்தால் எனக்குப் போடுங்கள் என்று அவளும் கேட்டுப் பார்த்தாள். அதெல்லாம் எந்தக் காலத்துச் சரக்கு அண்ணி என்று கொழுந்தன் சிரித்தான். இலவச நாள் முடிந்ததும் அந்த மூன்றாவதற்கே சந்தா கட்டிவிட்டான்.

அடுத்த வாரம் ஒரு புதுத் தொடர் வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண். தினமும் கடைக்கு வந்து தொந்தரவு செய்யும் ஒருவன். அவள் மறுக்கிறாள், அவன் பெட்ரோலோடு வருகிறான். அடுப்படியில் தட்டு கழுவிக்கொண்டிருந்த அண்ணி, கண்ணாடிக் கடை, பெட்ரோல் என்று யாரோ பேசுவது காதில் விழுந்ததும் ஈரக் கையோடு ஹாலுக்கு வந்தாள். பேரை மாற்றியிருந்தார்கள், ஊரை மாற்றியிருந்தார்கள். ஆனால் அது அந்தப் பெண்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஜன்னலோரத்து மூலைக் கட்டிலில், அவளுடைய டூட்டியின்போதே உயிரை விட்டவள்.

அண்ணி உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. வார்டை எப்படிக் காட்டுகிறார்கள் என்று பார்க்க நின்றாள். வெள்ளை வெளேரென்று விரிப்பு, உதட்டுச் சாயம் பூசிய நர்ஸ், அழகாகக் கருகிய கன்னம். அப்படி இல்லையே, இப்படித்தானே இருந்தது என்று தன் மனசு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போவதை அவள் கவனித்தாள். அந்தப் பகுதி முடிந்து பாட்டு வந்தபோது, அடுத்தது எப்போது என்று ஒரு ஆசை உள்ளே எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. வாயில் விரலை விட்டு வாந்தி எடுத்தால் தேவலை போலிருந்தது.

"அண்ணி, இது உங்க ஆஸ்பத்திரியில நடந்ததுதானே?" என்று கொழுந்தன் கேட்டான். அவள் தலையாட்டிவிட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் ஆபீஸ் சிநேகிதர்கள் மூன்று பேரைக் கூட்டி வந்தான். மீதிப் பகுதிகளை எல்லோரும் சேர்ந்து பார்ப்பதாக ஏற்பாடு. நேரில் பார்த்த ஆள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார் என்று சொல்லித்தான் கூட்டி வந்திருக்கிறான் என்பது, டீ கொண்டுபோனபோது அவர்கள் எழுந்து நின்ற மரியாதையிலேயே அவளுக்குத் தெரிந்தது. உட்காரச் சொன்னார்கள். கணவரும் நகர்ந்து இடம் கொடுத்தார். நாள் முழுக்க நின்றே பழகியவளை, அவள் வேலையைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் உட்கார வைத்தது அதுதான் முதல் தடவை. அதில் கொஞ்சம் மயங்கித்தான் போனாள். கட்டில் நடுவில் இல்லை, மூலையில் இருந்தது என்றாள். ஜன்னலுக்குத் திரை இல்லாமல் போர்வையைக் கட்டியிருந்தோம் என்றாள்.

கேட்டவர்கள் முன்னால் சரிந்தார்கள். ஒருவன் வாயில் போட்ட பிஸ்கெட்டை மெல்லாமலே கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டான். முகம் முழுக்கவா போய்விட்டது, கண் தெரிந்ததா, கத்துவாளா என்று கேள்விகள் வந்தன. இன்னொருவன் கொஞ்சம் கூச்சத்தோடு, படத்தில் காட்டுகிற மாதிரி உடம்பில் துணியே இல்லாமல்தான் படுக்க வைப்பீர்களா என்று கேட்டான். கேட்டுவிட்டு உதட்டை நக்கிக்கொண்டான்.

வார்டில் ஈ மொய்க்கும். கட்டுப் போட்ட கையிலிருந்து ஈயை விரட்டினால் போகாது, எழும்பி அதே இடத்தில் உட்காரும். கொழுந்தனோடு சேர்த்து அந்த நான்கு முகங்களையும் பார்த்தபோது அவளுக்கு அந்த ஈக்கள் நினைவுக்கு வந்தன. டீ ஆறிடும், குடிங்க என்று சொல்லிவிட்டு எழுந்து போய் மாடிக் கொடியில் காயாத துணியை எல்லாம் எடுத்து மடித்தாள். கீழே திரையில் அந்தப் பெண், தன்னைக் கொளுத்தியவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் அவனைக் காதலித்தாளாம். பார்க்க வந்த அக்காவை, உன்னால்தான் எல்லாம், போ வெளியே என்று விரட்டினாளாம். அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

செத்துப்போன பெண்ணின் நிஜ அக்கா இரண்டு தெரு தள்ளித் தையல்கடை வைத்திருந்தாள். நர்ஸின் யூனிஃபார்மை அளவுக்குப் பிடித்துத் தைத்துத் தருவது அவள்தான். பழைய விஷயத்தை இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. மறுநாள் டூட்டி முடிந்து போனபோது கடையில் வேறு யாரும் இல்லை. தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு, யூனிஃபார்மைக் கையில் வாங்காமலே பேசினாள்.

"நானும் பாத்தேன் சிஸ்டர். பக்கத்துக் கடைப் பையன் போன்ல காட்டினான். ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? என்னைப் போகச் சொன்னாளா அவ? நான் வாசல்லயே நின்னேன். டாக்டர் விட வேண்டாம்னு சொன்னாருன்னு நீங்கதான் வந்து சொன்னீங்க. அவதான் வேண்டாம்னாளா?"

நர்ஸ் யூனிஃபார்மை மெஷின் மேல் வைத்தாள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டபோது எது வெளியே வரக்கூடாது என்று மாடிக்கு ஓடினாளோ, அதைக் கேட்க உரிமையுள்ளவள் இதோ கையில் ஊசியோடு நிற்கிறாள்.

"அவதான் வேண்டாம்னா," என்றாள். "ஆனா அவங்க காட்டுற மாதிரி இல்ல. 'அக்காவை உள்ள விடாதீங்க சிஸ்டர், என்னைப் பாத்தா அவ தாங்க மாட்டா, டாக்டர் சொன்னாருன்னு சொல்லிடுங்க'ன்னா. அதான் நான் அப்படிச் சொன்னேன். அப்புறம் தினமும் கேப்பா, வாசல்ல இருக்காளா, சாப்பிட்டாளான்னு. சாப்பிட்டாங்கன்னு சொன்னாதான் மருந்து போட விடுவா. அவன் பேரை ஒரு தடவை கூட எடுக்கல."

தையல்காரி அழுவாள் என்று நினைத்தாள். அவள் அழவில்லை. கத்தரிக்கோலை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். மறுபடி எடுத்தாள், மறுபடி வைத்தாள். வாசலில் நின்ற அத்தனை நாளும் தான் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் இறக்கவில்லை என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு, வருகிறவர்கள் எல்லாம் துணியை அளக்கும்போது என் முகத்தையே பார்க்கிறார்கள், தங்கச்சி அவனை விரும்பினாளாமே என்று ஒருத்தி கேட்டே விட்டாள் என்றாள். அந்தக் கம்பெனிக்காரர்கள் இவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, சொன்னதும் இல்லை.

நர்ஸ் வீட்டுக்கு நடந்தபோது வாயெல்லாம் கசந்தது. வீட்டு வாசலை நெருங்கும்போது போன் அடித்தது. தேனாக ஒரு பெண் குரல். அந்தத் தொடரின் இரண்டாம் பாகம் எடுக்கிறார்களாம், அதில் உண்மையான மனிதர்களின் பேட்டி வருமாம், மேடம் அந்தப் பெண்ணின் கடைசி நிமிஷங்களை உங்கள் பார்வையில் சொல்ல வேண்டும், சொல்லும்போது உணர்ச்சிவசப்பட்டால் இன்னும் நல்லது என்றது. என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள். உங்கள் கொழுந்தனார்தான் எங்களுக்கு எழுதி அனுப்பினார் என்றது குரல், பாராட்டுவது போல.

அவள் போனை அணைத்துவிட்டு, வாசல் குழாயில் காதைக் கழுவினாள்.

அன்றைக்குப் பின்வாசலுக்குப் போகவில்லை. யூனிஃபார்மோடேயே முன்வாசல் வழியாக ஹாலுக்குள் வந்து, டிவிக்கும் சோபாவுக்கும் நடுவில் நின்றாள். கணவர் மூக்குக்குக் கையைக் கொண்டுபோனவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் இறக்கினார். போன் வந்ததை அவள் சொன்னாள். தையல்காரி சொன்னதில் பாதியைச் சொன்னாள். மீதி அவர்களுக்கு இல்லை.

கொழுந்தன் கொஞ்சமும் அசரவில்லை. "நல்லதுக்குத்தானே அண்ணி பண்ணேன்? உங்களுக்கும் ஒரு பேர் கிடைக்கும். ஊரே பாக்குது, நாம ஒருத்தர் பாக்காம இருந்தா நின்னுடப் போகுதா?"

"நிக்காது," என்றாள். "ஊர் பாக்கட்டும். ஆனா அந்தப் பொண்ணு புண்ணை நான் கழுவினது அது ஆறணும்னு. நீங்க அதைத் தொட்டு நக்குறீங்க. உங்களைப் பாத்தா எனக்குச் சாப்பாடு போடக் கை வரல. உள்ளதைச் சொல்லிட்டேன்."

 பாதியில் நிறுத்தி வைத்த திரையில் ஒரு போலீஸ்காரர் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார். கணவர்தான் ரிமோட்டை எடுத்தார். எந்தப் பொத்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் எழுந்து போய்ச் சுவரிலிருந்த ஸ்விட்சையே அமுக்கினார். தம்பியிடம், அந்தக் கம்பெனிப் படங்களை இந்த வீட்டு டிவியில் இனிமேல் போடக்கூடாது, கம்பெனியிடமும் நீயே பேசி அண்ணி வர மாட்டாள் என்று சொல்லிவிடு என்றார். குரலை உயர்த்தவில்லை. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் வண்டியைத் தப்பாகத் திருப்பும்போது பேசுகிற குரல் அது.

கொழுந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் வெளியே சாப்பிட்டான். வயிறு கெட்டதும் திரும்பி வந்தான். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அவன் மாறிவிட்டான் என்று சொன்னால் அது பொய். தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பார்க்கிறான். இயர்போன் மாட்டியிருந்தாலும் சில நேரம் அந்தப் பெட்ரோல் காட்சியின் வயலின் கதவிடுக்கில் கசிகிறது. அவள் சோறு போடுகிறாள், ஆனால் அவன் சாப்பிடும்போது எதிரில் நிற்பதில்லை.

தையல்காரியிடம் வக்கீல் யாரையாவது பார்க்கலாமா என்று நர்ஸே ஒருநாள் கேட்டாள். பார்க்கலாம், ஆனால் கோர்ட்டிலும் அதை மறுபடி போட்டுத்தானே காட்டுவார்கள் என்றாள் தையல்காரி. இன்னும் முடிவு செய்யவில்லை. சாயங்காலம் இருவரும் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுகிறார்கள். தங்கச்சி சின்ன வயசில் செய்த சேட்டைகளை அவள் சொல்ல, நர்ஸ் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வீட்டு டிவிக்கு ஒரு வழியாகப் பழைய சிரிப்புப் படங்களுக்கென்றே இருக்கும் ஒரு சின்னக் கம்பெனியைக் கணவர் தேடிப் பிடித்தார். படம் அடிக்கடி நின்று நின்று வரும். முதல் படத்தில் குண்டான ஒருவன் வழுக்கி விழுந்தான், அவனைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், அவன் மறுபடி விழுந்தான். கணவர் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விழுந்தவனுக்கு முட்டியில் அடிபட்டிருக்குமே என்றுதான் தோன்றியது. இது பிடிக்கலைன்னா வேற பாக்கலாம் என்று அவர் ரிமோட்டை நீட்டினார்.

இருக்கட்டும், ஓடட்டும் என்றாள்.