சமையலறைச் சுவர்

கொண்டச்சியில் ஜுனைதீன் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு, செய்து முடித்த வயரிங் சரிதானா என்று பார்க்க ஆள் வருகிறது என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். வரப்போவது தன் மகள்தான் என்று இராமலிங்கம் கனவிலும் நினைக்கவில்லை. சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தவர், வாசல் படலையடியில் ஸ்கூட்டியை விட்டு இறங்கிய ரஜிதாவைக் கண்டதும் மண்வெட்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

அவளும் கண்டாள். கண்டும் ஒன்றும் பேசாமல், தோளில் தொங்கிய பையைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குள் போனாள்.

எட்டு மாதமாக அவர்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். ஏ.எல் உயர்தரச் சோதனையில் நல்ல பெறுபேறு எடுத்து, பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குத் தெரிவான கடிதமும் கையில் வந்த பிறகு, “நான் கம்பஸ் போகேல்லை அப்பா, வயரிங் படிக்கப்போறன்” என்று அவள் சொன்னாள். இராமலிங்கத்துக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து லொறியில் வந்து இறங்கியபோது அவருக்கு ஏழு வயது. அன்றிலிருந்து அடுத்தவர் வயலிலும் அடுத்தவர் வீட்டுச் சுவரிலும்தான் அவர் உழைப்பெல்லாம் போனது. தன் பிள்ளையாவது மின்விசிறிக்குக் கீழே கதிரை போட்டு இருந்து வேலை செய்யவேண்டும் என்பது ஒன்றே அவர் ஆசை.

“கூலிக்காரன்ர பிள்ளை கூலிக்குத்தான் போகுமெண்டு ஊர் சொல்லட்டும், என்ன?” என்று கத்தினார்.

“நாலு வருசம் படிச்சிட்டு, வேலை தாங்கோவெண்டு அரசாங்கக் கச்சேரி வாசல்ல பந்தல் போட்டு இருக்கிற அக்காமாரைப் பாக்கேல்லையா அப்பா? எனக்கு இது பிடிச்சிருக்கு. பிடிச்சதைப் படிக்கிறன்.”

அவர் மனைவி பாலம்மா இரண்டு பக்கமும் பேசிப் பார்த்துக் களைத்துவிட்டாள். ரஜிதா தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தாள். இப்போது செய்முறைப் பயிற்சிக்காகச் சிலாவத்துறையில் மஹ்மூது நானாவின் மின்சாரக் கடையில் நிற்கிறாள் என்பது மட்டும் இராமலிங்கத்துக்குத் தெரியும். என்ன செய்கிறாள் என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை.

அரைமணி நேரத்தில் சமையலறைக்குள் சத்தம் கேட்டது. இராமலிங்கம் சாந்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்றார்.

ரஜிதா பிளக் பெட்டிகளையெல்லாம் கழற்றி வயர்களை வெளியே இழுத்துவைத்திருந்தாள். “இதில ரெண்டு வயர்தான் இருக்கு. ஏர்த் வயர் போடவேயில்லை. இப்ப போடுவமெண்டாலும் ஏலாது. வயரிங் செய்த ஆள் பைப் வைக்காமலே வயரைச் சுவருக்குள்ள புதைச்சிருக்கிறார். சுவரை உடைச்சுத்தான் எடுக்கோணும்.”

பூச்சு வேலைக்குப் பொறுப்பான மேசன் ஜெயரூபனுக்கு முகம் சிவந்தது. “மூண்டு நாள் வேலை தங்கச்சி இது! நேற்றுத்தான் பூசி முடிச்சனாங்கள்.”

“விளங்குது அண்ணை. உங்கட பூச்சில ஒரு பிழையுமில்லை. உள்ளுக்குத்தான் பிழை.”

ஜுனைதீன் கையைப் பிசைந்தார். “வாற வெள்ளி வீடு புக நாள் வச்சாச்சு மகள். மௌலவிக்கும் சொல்லியாச்சு. இப்போதைக்கு இப்பிடியே விட்டுட்டு, பிறகு பாப்பமே?”

ரஜிதா கழற்றிய பெட்டி ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். “இந்த இடத்திலதானே நீங்கள் ஃபிரிட்ஜ் வைக்கப்போறியள்? அதில கறன்ட் ஒழுகினா, மண்ணுக்குள்ள போக அதுக்கு ஒரு வழி வேணும். அந்த வழிதான் ஏர்த். அது இல்லாட்டி, ஈரக் கையோட ஃபிரிட்ஜைத் தொடுற ஆளுக்குள்ளாலதான் போகும். உங்கட வீட்டில சின்னப் பிள்ளையள் இருக்கினம். இந்த வயரிங் சரியெண்டு மஹ்மூது நானாட்டை என்னால சொல்லேலாது. குறை நினைக்காதேங்கோ.”

குரல் உயரவில்லை. ஆனால் பேசி முடித்ததும், கழற்றிய திருகாணிகளை அவள் தேவையில்லாமல் இரண்டாம் தரமும் எண்ணியதை இராமலிங்கம் கண்டார். வேலைத்தளங்களில் பிழையைக் கண்டும் வாயை மூடிக்கொண்டு நின்ற நாட்கள் அவருக்கு எத்தனையோ உண்டு. சொன்னால் மறுநாள் வேலை இருக்காது என்ற பயம். அந்தப் பயம் இவளுக்கும் இருக்கிறது, இருந்தும் சொல்லிவிட்டாள்.

“அண்ணை, இந்தப் பிள்ளை சொல்லுறதைக் கேட்டனீங்களோ?” என்று ஜெயரூபன் அவர் பக்கம் திரும்பினான்.

“கேட்டனான் தம்பி,” என்றார் இராமலிங்கம். “அது என்ர மகள்.”

ஜுனைதீன் தகப்பனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். “உடைச்சுப் போடுங்கோ,” என்றார். “நாளைத் தள்ளி வைப்பம். மௌலவி ஒண்டும் சொல்லமாட்டார்.”

இராமலிங்கம் சட்டியை இறக்கிவைத்துவிட்டு உளியையும் சுத்தியலையும் எடுத்தார். “எவடத்தில பிள்ளை?”

அவள் பென்சிலால் சுவரில் நேராக ஒரு கோடு இழுத்தாள். பிறகு இன்னொன்று. அளவு பார்த்து, தேவைக்கு மேல் ஒரு விரல் அகலம்கூட உடைபடாதபடி அவள் கோடு போட்ட சுத்தத்தைப் பார்த்து ஜெயரூபனே தலையாட்டினான். தான் குழைத்துக் கொடுத்த சாந்தைத் தானே கொத்திக் கொட்டும்போது இராமலிங்கத்துக்கு வருத்தம் வரவில்லை. கோடு விலகாமல் கொத்தவேண்டும் என்பதிலேயே கவனமாக இருந்தார்.

அந்த வேலை முடிய நாலு நாள் ஆனது. தகப்பனும் மகளும் ஒரே ஸ்கூட்டியில் வந்து போனார்கள். கடைசி நாள் திரும்பும்போது, “கறன்ட் மண்ணுக்குள்ள போய் என்ன செய்யும்?” என்று கேட்டார் இராமலிங்கம். அவள் சொன்னாள். முழுவதும் விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். அவள் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி, வீதியோர மணலில் தடியால் கீறிக் காட்டினாள். குனிந்து நின்று கேட்டவருக்கு, இவள் எங்கே போய்ப் படித்தாலென்ன, படித்தவள்தான் என்று பட்டது.

“கம்பஸுக்கு இனியும் போகலாமோ?”

“போகலாம் அப்பா, எனக்கு வேணுமெண்டு பட்டால்.”

“படாட்டி விடு,” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். வழியில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஒரு புது வீட்டைக் கண்டதும், அவள் தோளைத் தட்டி ஸ்கூட்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி உள்ளே போய், வயரிங்குக்கு ஆள் பிடித்துவிட்டார்களா என்று அவரே விசாரித்தார்.